கையால் கொடுங்கள்: சுங்கை ஊடாங் வட்டாரத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை ஊடாங், தங்கா பத்து, புக்கிட் ரம்பாய், மஸ்ஜிட் தானா, செங் பகுதிகளில் வாழும் அன்பான சகோதர சகோதரிகளே,



நம்மில் சிலர் மெதடிஸ்ட் சபைக்குப் போகிறோம், சிலர் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறோம், சிலர் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாலும் திங்கட்கிழமை எல்லாரும் ஒரே கடைத்தெருவுக்குத்தான் வருகிறோம். கடை அடைத்தபின் ஐந்தடி நடைபாதையில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுக்கிறவரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இரண்டு பிளாஸ்டிக் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவரையும், மலாக்கா சென்ட்ரலில் கடைசி பஸ் போனபிறகும் எழுந்து போகாதவரையும் பார்த்திருக்கிறோம். அவருக்காகத்தான் இந்தக் கடிதம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் காசிலிருந்து, உங்கள் கையாலேயே அவருக்குக் கொடுங்கள்.

நம் மக்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கிறிஸ்துமஸ் வந்தால் அரிசி மூட்டையும் எண்ணெயும் மைலோவும் ஆலயத்தில் குவிகின்றன. யாருக்காவது டயாலிசிஸ் செலவு என்றால் ஆராதனை முடிவதற்குள் பணம் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கொடை எல்லாம் உறைக்குள் போய், உறை கமிட்டிக்குப் போய், கமிட்டி ஒரு பட்டியலைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. பட்டியலில் ஏற வேண்டுமென்றால் பெயர் வேண்டும், ஐசி நம்பர் வேண்டும், வீட்டு முகவரி வேண்டும். ஐந்தடியில் படுத்திருப்பவருக்கு முகவரி ஏது? ஐசியும் பெரும்பாலும் தொலைந்திருக்கும். ஆகவே எவ்வளவு தாராளமான சபையின் பட்டியலிலும் அவர் வரமாட்டார். சபையின் உதவி நிற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது சென்று சேராத ஓர் ஆள் நம் தெருவில் இருக்கிறார், அவரிடம் நாம்தான் போகவேண்டும் என்கிறேன்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 398இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரின் ஆயரான யோவான் கிறிசோஸ்தோம், அப்போஸ்தலர் நடபடிகளைப் பற்றிய தம் 45ஆவது பிரசங்கத்தில் இதையே எடுத்துப் பேசினார். அந்த நகரத்துச் சபை வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் விடுதி நடத்தியது. சபைதான் பார்த்துக்கொள்கிறதே என்று மக்கள் தங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் அவர்களை விடவில்லை. குருமார் ஜெபிக்கிறார்கள் என்பதற்காக நீங்கள் ஜெபிக்காமல் இருந்துவிடுவீர்களா என்ற பொருளில் கேட்டார். ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே ஓர் அறையைக் கிறிஸ்துவுக்கென்று ஒதுக்கி, கட்டிலும் மேசையும் விளக்கும் போட்டு வைக்கச் சொன்னார். அந்த அறைக்கு வருகிற அந்நியரில் கிறிஸ்துவே வருகிறார் என்பது அவர் நம்பிக்கை.

நம்முடைய தாமான் வீடுகளில் மூன்று அறைக்குள் மூன்று தலைமுறை இருக்கிறது. அறை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு தட்டுச் சோறு ஒதுக்க முடியும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைப்பார்கள். அது காணிக்கையாகச் சேரும். வசதி உள்ளவர்களின் ஏற்பாடு இல்லை அது. தங்களுக்கே அளந்து சமைத்தவர்கள், சமைக்கும்போதே இன்னொருவரை நினைத்தார்கள். அந்தப் பானையை நம் அடுப்படிக்கு மறுபடியும் கொண்டுவரலாம். இந்த முறை அந்தப் பிடி ஆலயத்துக்குப் போகாமல் சோறாகி, கடைத்தெருவுக்குப் போகட்டும்.

லூக்கா எழுதிய நல்ல சமாரியன் கதையை நாம் சண்டே ஸ்கூல் நாளிலிருந்து கேட்கிறோம். அதில் அந்த மனிதன் என்னென்ன செலவு செய்தான் என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். காயத்தில் ஊற்றியது தன் பயணத்துக்கென்று வைத்திருந்த எண்ணெயும் திராட்சை இரசமும். அடிபட்டவனை ஏற்றியது தன் சொந்த வாகனத்தில், அப்படியென்றால் அவன் நடந்திருக்கிறான். சத்திரக்காரனிடம் கொடுத்தது இரண்டு தெனாரியம். மத்தேயுவில் திராட்சைத் தோட்டக் கூலிகளுக்கு ஒருநாள் சம்பளம் ஒரு தெனாரியம், ஆகவே இது இரண்டு நாள் சம்பளம். பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் நாம். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை என்ற கணக்கில் வளர்ந்தோம். இரண்டு நாள் சம்பளம் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்கும் மேலே, திரும்பி வருகிறேன், செலவு கூடினால் தருகிறேன் என்று சத்திரக்காரனிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தத் தனிவழியில் ஏன் போனாய் என்று அடிபட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கதையில் இல்லை. அவன் யூதனா, வேறு சாதியா என்றும் இயேசு சொல்லவில்லை. ஒரு மனிதன் என்று மட்டும் சொன்னார்.

ஐந்தடியில் இருப்பவர் யார்? சில நேரம் மலாய்க்காரர், சில நேரம் சீனர், சில நேரம் கடல் கடந்து வேலைக்கு வந்து முதலாளியால் கைவிடப்பட்டவர். எல்லாருக்கும் பசி ஒன்றுதான். ஆனால் பேச்சுக் கொடுத்தால் நம் தோட்டத்துத் தமிழில் பதில் சொல்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அதை நாம் முகம் திருப்பாமல் பார்க்கவேண்டும்.

மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் போட்ட முதல் தோட்டம் நம் மாநிலத்தில்தான் எழுந்தது. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசஹானில் பெரிதாக விரித்தார். அந்த மரங்களுக்குப் பின்னால் நம் முன்னோர் வந்தார்கள். தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு கட்டிய வீடு. பெரட்டில் பெயர் கூப்பிடும்வரை லயத்தில் இடம் இருந்தது. அந்தக் காலத்தில் 55 வயதாகி வேலை முடிந்தால் லயத்தையும் காலி செய்யவேண்டியிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலத்தில் தாமானும் தொழிற்பேட்டையும் வந்தன. பிள்ளைகள் உள்ளவர்கள் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். கல்யாணம் ஆகாதவர், பிள்ளை இல்லாதவர், மகனோடு மனத்தாங்கல் வந்து வெளியேறியவர் எங்கே போவார்? இபிஎஃப் பணம் ஒரு தங்கையின் கல்யாணத்திலோ ஒரு நோயிலோ கரைந்திருக்கும். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். போகாமல் நின்றவர்களில் சிலருக்குக் கடைசிவரை குடியுரிமைக்கான நீலக் கார்டு கிடைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் இந்த நாட்டு மரத்தை வெட்டியவர், முதுமையில் உதவி கேட்கப் போனால் அந்தச் சிவப்பு அட்டை குறுக்கே நிற்கிறது.

நம் ஊரில் சிறைச்சாலையும் இருக்கிறது. தண்டனை முடிந்து வெளியே வரும் எல்லாருக்கும் வாசலில் குடும்பம் காத்திருப்பதில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இயேசு ஆறு பேரைச் சொல்கிறார்: பசித்தவர், தாகமாய் இருப்பவர், அந்நியர், உடையில்லாதவர், நோயாளி, சிறையில் இருப்பவர். சுங்கை ஊடாங் பஸ் நிறுத்தத்தில் அந்த ஆறு பேரும் ஒரே ஆளாக உட்கார்ந்திருக்க முடியும்.

தெரண்டாக் முகாமுக்குள் இருக்கும் இராணுவக் கல்லறையைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். காமன்வெல்த் படைகள் இங்கே இருந்த காலத்தில் இறந்தவர்களோடு, வியட்நாம் போரில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்கள் சிலரும் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். 2016 ஜூனில் ஆஸ்திரேலிய அரசு விமானம் அனுப்பி, 30க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்களை எடுத்துக்கொண்டு போய், அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவரவர் குடும்பத்திடம் ஒப்படைத்தது. ஒரு நாடு தன் பிள்ளைகளை அவ்வளவு காலம் கழித்தும் மறக்கவில்லை என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்களுக்குப் பெயர் எழுதிய கல் இருந்தது, தேடி வர ஆள் இருந்தார்கள். நம் கடைத்தெருவில் படுத்திருப்பவர் நாளை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினால், இவர் இன்னார் என்று சொல்லக்கூட யாரும் இல்லாமல் போகலாம். அதனால்தான் சோற்றோடு சேர்த்து அவர் பெயரையும் கேளுங்கள் என்கிறேன். எந்தத் தோட்டம், அப்பா பெயர் என்ன, கூடப்பிறந்தவர்கள் எங்கே என்று மெல்லக் கேட்டு மனத்தில் வையுங்கள். தோட்டத்து ஆளாக இருந்தால், விசாரித்துப் பார்த்தால் உறவே கிடைத்துவிடும். பாயா ரும்புட்டிலோ டுரியான் துங்கலிலோ ஒரு தங்கை மகன் இருக்கக்கூடும்.

“காசு கொடுத்தால் குடித்துவிடுவான்” என்பார்கள். நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குடி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. உழைத்து வாங்கிய சம்பளம் அங்கேயே திரும்பிப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்பது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. அந்த வேலைநிறுத்தத்தை இராணுவத்தைக் கொண்டு அடக்கினார்கள். கள்ளுக்குப் பிறகு சம்சு வந்தது. இரண்டு தலைமுறைக்கு ஊற்றிக் கொடுத்த வரலாற்றை விட்டுவிட்டு, கடைசியில் விழுந்து கிடக்கிற ஒருவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. முதலில் சாப்பாடு கொடுங்கள். அதன்பின் அவர் ஐந்து வெள்ளி கேட்டால், கையில் இருந்தால் கொடுங்கள் என்பதே என் கருத்து. தேத்தண்ணி வாங்கவோ, ஒரு சோப்பு வாங்கவோ, தானே முடிவு செய்து செலவழிக்க ஒரு மனிதனிடம் சில வெள்ளி இருக்கட்டும். குடித்துவிட்டார் என்று அடுத்த வாரம் தெரிந்தாலும் சோற்றை நிறுத்தாதீர்கள்.

“அரசாங்கம் பார்க்கவேண்டிய வேலை இது” என்று சொல்கிறவர்களும் உண்டு. அரசாங்கத்துக்கும் இதில் கடமை இருக்கிறது, அதனிடம் கேட்கத்தான் வேண்டும். 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிழைப்புக்கு வழியும் தங்க இடமும் இல்லாமல் பொது இடத்தில் இருப்பவரைச் சமூகநல அதிகாரி அழைத்துச்சென்று மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். மாஜிஸ்திரேட் அவரை மூன்று ஆண்டுவரை நல இல்லத்தில் இருக்கச் சொல்லலாம். மெர்சிங்கிலும் ஜெரான்துட்டிலும் அப்படி இல்லங்கள் இருக்கின்றன. இதில் நல்லதும் நடக்கிறது. ஆனால் தெருவில் இருப்பவருக்குத் தெரிந்தது வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்பது மட்டுமே. அவர் ஓடி ஒளிகிறார். 2014 ஜூலையில் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் தெருவோரத்தில் இலவச உணவு கொடுக்கக் கூடாது என்று அமைச்சர் அறிவித்ததும், அதற்கு நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். வீடற்றவரைக் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வது எந்த நகரத்துக்கும் எளிய வழியாகத் தோன்றுகிறது. நாம் அந்த வழியில் சேரவேண்டாம்.

நமக்கு மிக அருகில், செங்கில், சமூகநலத் துறை நடத்தும் முதியோர் இல்லம் இருக்கிறது, ரூமா செரி கெனாங்கான். 60 வயது ஆன, பார்த்துக்கொள்ள உறவினர் இல்லாத, தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளக்கூடிய மலேசியக் குடிமக்களை அங்கே சேர்க்கிறார்கள். தொற்றுநோய் இருக்கக்கூடாது. நம் ஊர் ஐந்தடியில் படுத்திருப்பவரில் இந்த இல்லத்துக்குத் தகுதி உள்ளவர் இருக்கலாம். ஆனால் அதற்கு முதலில் தேசியப் பதிவிலாகாவில் புதிய அடையாளக் கார்டு எடுக்கவேண்டும், பாரம் நிரப்பவேண்டும், மருத்துவப் பரிசோதனைக்குப் போகவேண்டும். ஒழுங்கான சட்டை இல்லாமல், குளிக்காமல், தனியாக ஒரு கவுண்டர் முன்னால் போய் நிற்க யாருக்குத் துணிவு வரும்? நம்மில் ஒருவர் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் வரும்வரை காத்திருந்தால் காரியம் நடக்கும். பத்து வெள்ளியைவிட அந்த அரைநாள் அவருக்குப் பெரிய கொடை. அவசரம் என்றால் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். ஆனால் அவரிடம் சொல்லாமல் கூப்பிடாதீர்கள். அவர் வாழ்க்கையைப் பற்றிய முடிவு அது. அவருக்குத் தெரிந்து நடக்கவேண்டும்.

நம் மலாக்காவுக்கு இதில் ஒரு பழைய முன்னோடி உண்டு. தூத்துக்குடி, மணப்பாடு கடற்கரையில் பரதவர் நடுவே உழைத்த பிரான்சிஸ் சவேரியார், மயிலாப்பூர் சாந்தோமில் சில மாதம் தங்கியிருந்து, அங்கிருந்து கப்பலேறி 1545 செப்டம்பர் இறுதியில் மலாக்காவில் இறங்கினார். போப்பின் தூதர் என்ற பட்டம் அவருக்கு இருந்தது. நல்ல மாளிகையில் தங்கியிருக்கலாம். கோவாவில் இறங்கியபோது நோயாளிகளோடு மருத்துவமனையில் தங்கியவர், மலாக்காவிலும் மருத்துவமனை ஏழைகளின் பக்கத்திலேயே இருந்தார். பகலெல்லாம் பிரசங்கமும் சிறுவர்களுக்குப் போதனையும் இருந்தபோதும் நோயாளிகளிடம் போவதை அவர் இன்னொருவரிடம் ஒப்படைக்கவில்லை. அவர் பெயரில் 1849இல் எழுந்த ஆலயம் நகரின் நடுவில் நிற்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது.

இப்படித் தாமே போய்க் கொடுத்த இன்னொருவரும் உண்டு. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசனாம் என்ற 20 வயது மாணவர், நண்பர்களோடு வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார். ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்ட கேள்வி அவர்களைச் சுட்டது. ஓசனாமும் ஒரு தோழரும் தங்களிடம் மிச்சமிருந்த விறகைத் தாங்களே சுமந்துகொண்டு போய் ஓர் ஏழையிடம் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். குளிர்காலத்துக்கு வைத்திருந்த விறகு அது. அவர்கள் இருவர் இருவராக ஏழைகள் இருக்கும் இடத்துக்கே போனார்கள். நாமும் இருவராகப் போவது நல்லது. பெண்கள் தனியே போகத் தயங்குவது இயல்பு. கணவனும் மனைவியும், அல்லது இரண்டு தோழிகள், அல்லது அப்பாவும் கல்லூரியில் படிக்கும் மகளும் போகலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அவர்கள் பார்க்கட்டும்.

போகும்போது சூடான சோறும் தண்ணீர் போத்தலும் போதும். மெல்ல முடியாத வாயாக இருக்கும், எலும்பும் காரமும் குறையட்டும். அவர் முஸ்லிமாக இருந்தால் மாமாக் கடையில் வாங்கிக் கொடுங்கள், மனம் நிம்மதியாகச் சாப்பிடுவார். உட்கார்ந்திருப்பவரிடம் நின்றுகொண்டு பேசாதீர்கள், நீங்களும் உட்காருங்கள். ஐயா என்றோ அண்ணே என்றோ கூப்பிடுங்கள். ஒரு கைலி, ஒரு ஜோடி சிலிப்பர், கொசுவத்திச் சுருள், கோடாலித் தைலம் போன்றவை அவருக்கு உடனே உதவும். காலில் புண் இருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், இனிப்புநீர் உள்ளவருக்கு அது நாள் கடத்தக்கூடாத காரியம். முடிவெட்டும் கடைக்காரரிடம் காசைக் கொடுத்துச் சொல்லிவையுங்கள். படம் எடுக்கவேண்டாம், முகநூலில் போடவேண்டாம். கைப்பிரதியும் கொண்டுபோகாதீர்கள். முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரச்சாரத்துக்கு நம் மாநிலத்தில் சட்டத் தடை இருக்கிறது. ஆனால் நான் சொல்வது அதற்காக மட்டும் இல்லை. பசித்தவர் கையில் பொட்டலத்தோடு பிரசங்கத்தைத் திணித்தால், அவர் சோற்றுக்காகத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் கிறிஸ்துவுக்கு வேண்டியதில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவராகக் கேட்டால் அப்போது உண்மையைச் சொல்லுங்கள்.

ஆலயக் கமிட்டியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வார நாட்களில் பூட்டிக் கிடக்கும் ஆலயக் குளியலறையை வாரம் ஒரு காலைப்பொழுது திறந்துவிடுங்கள். சோப்பும் துண்டும் நாங்கள் கொண்டுவருகிறோம், கழுவிவிடுவதையும் நாங்களே செய்கிறோம். குளிக்க இடம் கிடைத்தால் ஒருவர் வேலை கேட்டுப் போகலாம், அலுவலகத்துக்குப் போகலாம், ஆராதனைக்கும் வரலாம். வந்தால் பின்வரிசையில் உட்காரச் சொல்லாதீர்கள்.

ஒரே நாளில் பத்துப் பேர் போய்க் குவித்துவிட்டு அடுத்த மாதம்வரை யாரும் போகாமல் இருப்பதில் பயனில்லை. ஒரு குடும்பம் ஒருவரைப் பொறுப்பெடுத்து, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் போகட்டும். சனிக்கிழமை ஏழு மணிக்கு வருவார்கள் என்று அவர் எதிர்பார்க்கட்டும். வருகிற சனிக்கிழமை மாலை கடைத்தெருவுக்கு என்னோடு கூடப் போக ஒரு குடும்பம் வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது சொல்லுங்கள். சோறு நான் கொண்டுவருகிறேன், நீங்கள் குழம்பு கொண்டுவாருங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்களில் ஒருவர்,
சுங்கை ஊடாங்